ஓரம் வெட்டிய சீட்டுகள்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் வந்தார். நம் சதுரங்க ப்ரோக்ராமின் ஹாஷ் டேபிளைக் காட்டி, "சார், ஒவ்வொரு பதிவிலும் ரெண்டு பிட் சும்மா கிடக்கு. மதிப்பெண்தான் இருக்கே, அது என்ன வகை மதிப்பெண்ணுங்கிறதை எதுக்கு வைக்கணும்? வெட்டிடலாமா?" என்று கேட்டார். நான் கத்திவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை இங்கே வந்து நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் கிழவன் கத்துகிறானே என்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். வெட்டுவது பற்றி உங்களுக்குச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

நேற்றுதான் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சதுரங்க ப்ரோக்ராம் ஒரு காய் நகர்த்துவதற்கு முன் லட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்கிறது. ஒரே நிலை வேறு வேறு வழிகளில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து யோசித்தால் விடிந்துவிடும். அதனால் ஒருமுறை பார்த்ததை, "இந்த நிலை, இவ்வளவு மதிப்பு" என்று எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கிடங்குதான் ஹாஷ் டேபிள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது புத்தகத்தில் இல்லை.

கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே நான் ஹாஷ் டேபிளைப் பார்த்துவிட்டேன். அது மரத்தால் செய்தது. கரையான் கொஞ்சம் தின்றிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் காரியாபட்டிப் பக்கம் மிளகாய்த் தோட்டம். எனக்குத் தும்மல் வியாதி, மிளகாய்க்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அதனால் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்தேன். பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர் எல்லாம் அங்கே அச்சாகும். எந்த லேபிள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். அந்த உயிர்தான் பிறகு எங்களைச் சாகடிக்கப் பார்த்தது.

அச்சகத்தில் காலண்டர் மாதிரிகள் வைக்கும் ஓர் அறை உண்டு. மதிய இடைவேளையில் நாங்கள் மூன்று பேர் அங்கே சதுரங்கம் ஆடுவோம். நான், காகிதம் வெட்டும் மிஷினை ஓட்டும் கட்டிங் மாஸ்டர், அப்புறம் எழுத்துப் பிரிக்கும் ஒரு பெண். அவள் பெயரை எழுதக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள், எழுதவில்லை. என்னைவிட நான்கு வயது இளையவள். அச்சடித்து முடிந்த பக்கத்தின் ஈய எழுத்துகளைப் பிரித்து, மரப்பெட்டியில் அந்தந்த எழுத்துக்கு உரிய குழியில் திரும்பப் போடுவது அவள் வேலை. பெட்டியைப் பார்க்கவே மாட்டாள். கை தானாகப் போகும். நாங்கள் ஆடுவதை இரண்டு மாதம் வாசலில் நின்று பார்த்தாள். மூன்றாவது மாதம் உட்கார்ந்து என்னைத் தோற்கடித்தாள். அதன்பிறகு அவளை நான் ஜெயித்தது இரண்டே தடவை, அதில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல்.

மானேஜருக்கு அந்த அறை மேல் கண். சீசனில் பேப்பர் கட்டுகளை அடுக்க இடம் வேண்டும் என்று முதலாளியை நச்சரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து, மதுரையில் ஒரு கல்யாண வீட்டில், அங்கத்திய சதுரங்க சங்கத்துக்காரர்கள் முதலாளியைச் சீண்டியிருக்கிறார்கள். "உங்க ஊர்ல வெடிக்கத்தான தெரியும், யோசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்களாம். முதலாளி மானஸ்தர். தபாலில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்துவிடலாம் என்று அங்கேயே கையடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் எங்களைக் கூப்பிட்டார்.

"ஜெயிச்சீகன்னா அந்த ரூம் காலத்துக்கும் ஒங்களுக்கு. தோத்தீகன்னா மறுநாளே பேப்பர் கட்டு வந்து எறங்கிரும். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது."

கட்டிங் மாஸ்டர் உற்சாகமாகத் தலையாட்டினார். அவருக்கு அறை போனால் டீக்கடை பெஞ்சு இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். அவளுக்கு அப்படி இல்லை. டீக்கடை பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து காய் நகர்த்த முடியுமா? வெளியே வந்ததும் அவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"எட்டு மணி நேரம் அடுத்தவுக யோசிச்சு எழுதுனதப் பிரிச்சுப் போடுதேன், அண்ணாச்சி. இந்த அர மணி நேரந்தான் நானா யோசிக்கேன். இத விட்டுறாதீக."

தபால் ஆட்டத்தில் ஒரு பதிலுக்கு மூன்று நாள். அஞ்சல் முத்திரையில் உள்ள தேதிதான் கணக்கு, தாண்டினால் தோல்வி. எங்களுக்குத் தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கும். போன வாரம் ஆராய்ந்த நிலையே இந்த வாரம் வேறு வழியில் வந்து நிற்கும், மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்வோம். ஒருநாள் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எழுத்தக் குழியில போடுத மாதிரி இதயும் போட வேண்டியதுதான? எதுக்கு மண்டைக்குள்ள வச்சுக்கிட்டு?"

கழித்துப்போட்ட பழைய எழுத்துப் பெட்டிகளை இழுத்து வந்தோம். நூறு குழிகளுக்கு எண் போட்டோம். கட்டத்துக்கு ஓர் எண், காய்க்கு ஓர் எண் என்று வைத்து, பெருக்கிக் கூட்டி, கடைசி இரண்டு இலக்கம் என்ன வருகிறதோ அந்தக் குழி. அச்சுப் பிசகிய பட்டாசு லேபிள்களின் வெள்ளைப் பின்பக்கத்தில் நிலையை வரைந்து, எத்தனை சிப்பாய் லாபம் அல்லது நஷ்டம் என்று ஓர் எண்ணை எழுதி, குழியில் போட்டுவிடுவோம். முன்பக்கம் கிளி, பின்பக்கம் ராஜா ராணி. இரண்டு வேறு நிலைகள் ஒரே குழிக்கு வந்து சேர்வதும் உண்டு. படம் இருப்பதால் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது சொல்லுங்கள், அதற்குப் பெயர் ஹாஷ் டேபிள் இல்லாமல் வேறென்ன?

இரண்டு பிட் விஷயத்துக்கு வருகிறேன்.

எல்லாவற்றையும் முடிவு வரை பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஒரு நகர்த்தலை ஆராய்கிறோம். எதிராளியின் முதல் பதிலைப் பார்த்ததுமே, இதில் நமக்கு ஒரு சிப்பாய்க்கு மேல் தேறாது என்று தெரிகிறது. கையில் அதைவிட நல்ல நகர்த்தல் ஏற்கெனவே இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுவோம். சீட்டில் 1 என்று எழுதுவோம். ஆனால் அந்த 1 ஒரு சிப்பாய் லாபம் அல்ல. ஒன்றுக்கு மேல் போகாது, கீழே எவ்வளவு போகும் என்று நாங்கள் பார்க்கவே இல்லை என்பதுதான் அதன் பொருள். இன்னொரு பக்கம், சமமாவது நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்ததும், எதிராளிக்கு இதைவிட நல்ல வழி இருப்பதால் அவன் இந்தப் பக்கமே வரமாட்டான் என்று நிறுத்துவோம். அங்கே 0 என்று எழுதினால், பூஜ்யத்துக்குக் குறையாது, மேலே எவ்வளவோ போகலாம் என்று பொருள்.

இதைப் பிரித்துக் காட்ட அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். அச்சகத்தில் மைக்குப் பஞ்சமா? மேல் போகாது என்றால் சீட்டின் ஓரத்தில் சிவப்பு மை ஒரு தீற்று. குறையாது என்றால் பச்சை. கடைசி வரை பார்த்துச் சரியாகக் கண்ட எண் என்றால் ஓரம் வெள்ளை. அந்த ஓரம்தான் உங்கள் ரெண்டு பிட்.

ஆறு மாதம் ஜோராக நடந்தது. ஆட்டம் சம நிலையில் இருந்தது. அப்போது, ஆடி மாதத்தில், பெட்டியைப் பார்க்க வருகிறேன் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். நான் பெட்டியைப் பார்த்தேன். சீட்டுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை, குழிக்கு வெளியே காக்கைக்கூடு மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. என் ஒழுங்கு ரத்தம் கொதித்தது. அத்தனையையும் அள்ளிக் கட்டி, குழி மாறாமல் இருக்க ஒவ்வொன்றிலும் எண் குறித்து, கட்டிங் மாஸ்டரிடம் கொண்டுபோனேன்.

"அண்ணே, ஒரு நூல் அளவு ஓரத்தைத் தட்டி விடுங்க."

அவர் கலைஞர். ஒரு நூல் தட்டுவதெல்லாம் அவர் கைக்கு அவமானம். நாலு பக்கமும் கால் அங்குலம் வெட்டி, சோப்புக்கட்டி போல ஒரு கட்டைக் கொடுத்தார். கிளிப் பக்கம் மேலே இருந்ததால் மை அவர் கண்ணிலும் படவில்லை. எவ்வளவு அழகு! குழியில் அடுக்கிவிட்டு ஒரு தடவை தள்ளி நின்று ரசித்தேன். அப்போதுதான் கவனித்தேன். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அத்தனை சீட்டும் பளிச்சென்று வெள்ளை ஓரத்தோடு என்னைப் பார்த்தன. வெட்டிய துண்டுகளைத் தேடி ஓடினேன். காகிதக் கழிவு மூட்டை அன்று மத்தியானமே ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லோடு ஏறிவிட்டது. அங்கே அதை வெடிக்குள் அடைத்துவிடுவார்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலாளி வந்து பெட்டியைப் பார்த்து, "பரவாயில்லையே, பைண்டிங் பண்ணுன மாதிரி வச்சிருக்கியே" என்று பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டு வாங்கிய வாயால் எப்படிச் சொல்வது? எண்கள் பத்திரமாக இருக்கின்றன, மை ஒரு குறிப்புதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வாரம் இங்கே ஒருவர் சொன்ன அதே சமாதானம். இப்போது புரிகிறதா நான் ஏன் கத்தினேன் என்று?

புதிதாக எழுதிய சீட்டுகளுக்கு அவள் வழக்கம்போல மை வைத்து என்னிடம் கொடுத்தாள், குழியில் போட்டது நான். பழைய சீட்டுகளை எடுக்கும் சந்தர்ப்பம் இரண்டு வாரம் வரவில்லை. பிறகு மதுரைக்காரர்கள் ஒரு விசித்திரமான நகர்த்தல் செய்தார்கள். வரவே மாட்டார்கள் என்று நாங்கள் கழித்துவிட்ட பாதையில் வந்து நின்றார்கள். அந்தத் தபால்கார்டு சுற்றி வளைத்து எங்கள் மேஜைக்கு வந்தபோது மூன்றாவது நாள் ஆகியிருந்தது. அன்று நாலு மணித் தபால் பையில் பதில் போயாக வேண்டும்.

மதியம் அவள் வரவில்லை. அவசர ஆர்டர் ஒன்றுக்கு எழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் கட்டிங் மாஸ்டரும் பார்த்தோம். எங்களுக்கு இருந்தது இரண்டே வழி, யானையை நகர்த்தலாம் அல்லது குதிரையை நகர்த்தலாம். கணக்குப் போட்டுக் குழியைத் தேடினால் இரண்டு நிலைக்கும் சீட்டு இருந்தது! யானைக்கு 1. குதிரைக்கு 0. ஒன்று பெரிதா, பூஜ்யம் பெரிதா? தபால்கார்டில் யானை நகர்த்தலை எழுதி, முதலாளி மேஜைக்குப் பக்கத்தில் இருந்த பையில் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்கு அவள் எழுத்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜையைக் கடந்தாள்.

"என்னத்த நகத்துனீக?"

"யானையை. சீட்டில் 1 என்று இருந்தது."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "அது செவப்பு ஓரமில்ல? நான்தான மை வச்சேன்."

என் முகம் எப்போதுமே எனக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும்.

"அண்ணாச்சி, சீட்ட எடுங்க." எடுத்தேன். திருப்பினாள். கிளியின் வாலும் அலகும் வெட்டுப்பட்டிருந்தன. "ஏயப்பா! அம்புட்டுச் சீட்டயுமா வெட்டுனீக?"

"அம்புட்டும்."

"என்னிக்கு?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண் கலங்கிவிட்டது. "ரூமுக்காகத்தான அண்ணாச்சி இம்புட்டும் பண்ணுனோம்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழி. எப்படியோ போகட்டும், யானையே சரியாக இருந்தாலும் இருக்கும் என்று வேண்டிக்கொண்டு பேசாமல் இருக்கலாம். இல்லையென்றால் முதலாளியிடம் போய், பாராட்டு வாங்கிய அதே மேஜைக்கு முன்னால் நின்று, என் மடத்தனத்தைச் சொல்லி, அவசர ஆர்டரின் நடுவில் அவளை ஒரு மணி நேரம் விடச் சொல்லிக் கேட்கலாம். முதலாளியிடம்தான் போனேன்.

முதலாளி முழுவதையும் கேட்டார். "ஏலே, ரெக்கார்டு கிளார்க்குன்னு ஒன்ன வச்சா, நீ ரெக்கார்டயே வெட்டிருக்கியே!" என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைத் திறந்து என் தபால்கார்டை எடுத்துக் கிழித்தார். "நாலு மணிக்குப் பை பூட்டிருவேன். அந்தப் பிள்ளயக் கூட்டிட்டுப் போ."

ஐம்பது நிமிடம். நான் பரபரவென்று மற்ற சீட்டுகளைக் குழிகளிலிருந்து அள்ளினேன். எது சிவப்பு, எது பச்சை என்று ஞாபகத்திலிருந்து மை வைத்துவிடலாம் என்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஞாபகத்துல வச்சா அதுவும் பொய்யாப் போயிரும். ஓரம் போன சீட்டு சீட்டே இல்ல. இல்லன்னு நெனச்சுக்கிட்டு ஆரம்பிங்க."

யானை நகர்த்தலை எடுத்தோம். போன தடவை நிறுத்திய இடத்தைத் தாண்டி எதிராளியின் மற்ற பதில்களைப் பார்த்தோம். மூன்றாவது பதிலே எமன். அவர்களுடைய குதிரை ஒரே தாவலில் எங்கள் ராஜாவுக்கும் ராணிக்கும் சேர்த்துக் குறி வைத்தது. ஒரு சிப்பாய் லாபமாம்! ராணியே போகிறது! கட்டிங் மாஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மணி மூன்று நாற்பது. குதிரை நகர்த்தலுக்கு வந்தோம். எதிராளியின் ஒவ்வொரு பதிலுக்கும் எங்களுக்குச் சமமாவது கிடைத்தது. இரண்டு பதில்களில் ஏதோ பெரிய லாபம் இருப்பது போல வாசம் அடித்தது. அது எவ்வளவு என்று துரத்திக் கண்டுபிடிக்க எனக்குக் கை பரபரத்தது. முழுசாகத் தெரியாமல் எப்படி அனுப்புவது என்றேன்.

"எதுக்கு முழுசாத் தெரியணும்?" என்றாள் அவள். "யான போனா தோல்வி. குதிர போனா சமத்துக்குக் கொறயாது. அம்புட்டுத் தெரிஞ்சாப் போதும், எழுதுங்க."

எழுதினேன். மூன்று ஐம்பத்தைந்துக்குப் பையில் போட்டேன்.

உங்களுக்கு இதில் முக்கியமான இடம் அதுதான். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து முடிவெடுப்பதில் தப்பே இல்லை. நம் தொழிலே அதுதான். எது அரைகுறை, எந்தப் பக்கம் அரைகுறை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. "மேல் போகாது" என்ற குறிப்போடு இருக்கும் எண் தங்கம். குறிப்பை இழந்த எண் பாதித் தங்கம் அல்ல, அது கூசாமல் பொய் சொல்லும்.

மறுநாள் காலையில் அவள் மை டப்பாக்களோடு வந்தாள். இனிமேல் சரியான எண்ணுக்கும் ஒரு நிறம் என்றாள், நீலம். வெள்ளை ஓரம் என்றால் அந்தச் சீட்டை யாரும் நம்பக் கூடாது. இதைத்தான் பிற்காலத்தில் நான் எழுதிய ஒவ்வொரு ப்ரோக்ராமிலும் செய்தேன். ஒன்றும் குறிக்காமல் கிடக்கும் பதிவு "சரியானது" என்று பொருள்பட விட்டதே இல்லை. யாரோ பெரிய அறிஞரிடம் கற்றது என்று நீங்கள் பேசிக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கற்றது அந்த மை டப்பாவிடம்.

குதிரைக்குப் பிறகு மதுரைக்காரர்கள் ஏழு தபால்கார்டுகள் தாக்குப்பிடித்தார்கள். எட்டாவதில், தோல்வியை ஒப்புக்கொள்கிறோம், அந்தக் குதிரை நகர்த்தலை யோசித்தவருக்கு எங்கள் வணக்கம் என்று எழுதியிருந்தார்கள். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. முதலாளி அந்தக் கார்டை அச்சகம் முழுக்க ஏந்திக்கொண்டு நடந்தார். கடைசியில் எங்கள் அறைக்கு வந்தார்.

"ரூம் ஒங்களுக்கு. மானேஜர்ட்ட சொல்லியாச்சு. ஆனா இனிமே அந்தப் பெட்டி இந்தப் பிள்ள பொறுப்பு." என் பக்கம் திரும்பினார். "நீ கத்திரிக்கோலத் தொட்டேன்னு தெரிஞ்சா ஒன்ன மொளகாத் தோட்டத்துக்கே அனுப்பிருவேன்."

பதவி போனதற்காக நான் சிரித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மதுரைக்குப் பதில் எழுதும்போது அவள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ரூமில் இருக்கிறேன், அது போதும் என்றாள்.

தீபாவளிக்கு மறுநாள் வேலைக்கு வந்தோம். தெருவெல்லாம் வெடித்த காகிதக் குப்பை. கணுக்கால் புதைய நடக்க வேண்டியிருந்தது. அச்சக வாசலில் அவள் திடீரென்று குனிந்து எதையோ பொறுக்கினாள். நேராக என் மேஜைக்கு வந்து, உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். கருகிப்போன ஒரு சின்ன வெள்ளைத் துண்டு. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்று. அது எங்கள் சீட்டின் ஓரமா, வேறு ஏதாவது லேபிளின் சிவப்பா, கடவுளுக்குத்தான் தெரியும். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை என் லெட்ஜரின் மேல் வைத்தாள்.

"இந்தாங்க அண்ணாச்சி, ஒங்க ஓரம். எந்தச் சீட்டோடதுன்னு தேடி ஒட்டிருங்க."